அழித்துவிட்டேன் என்று அப்பா சொன்ன போட்டோக்கள்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு கிடையாது. ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னபோது, வீட்டுக்குள் யாருக்கு யார் பூட்டுப் போடுவது என்று அம்மா கேட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்பா, அம்மா, அக்கா, நான் என்று நாலு பேருக்கும் ஒரே டெஸ்க்டாப். அதில் ஒழுங்கு என்று ஒன்றைக் கொண்டுவர மாரடித்தவள் நான் ஒருத்திதான். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறேன் என்கிற ஒரே பாவத்துக்காக, அந்தப் பெட்டி சம்பந்தப்பட்ட வசவு மொத்தமும் என் பங்குக்கு வந்தது.

அணுபுரத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு அணுமின் பிளாண்ட்டில் ஃபிட்டர் வேலை. சொந்த ஊர் வேடந்தாங்கலுக்குப் பக்கத்துக் கிராமம். டவுன்ஷிப்பில் வீட்டுக்கு வீடு டிஜிட்டல் கேமரா வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. ஃபிலிம் தீரும் என்ற பயம் போனதும் அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. ஏரியில் கொக்கு உட்கார்ந்திருந்தால் முப்பது படம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் அது கொக்கா, கிளையில் மாட்டிய காகிதமா என்று தெரியாது. முட்டுக்காட்டில் படகில் போனோம். படகைவிட அதிகமாக அடுத்த படகில் போனவர்களைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகாபலிபுரம் போனால் ஒவ்வொரு சிற்பத்தின் முன்னாலும் அம்மா ஒரே மாதிரி விறைப்பாக நின்றாள். இவை எல்லாம் எண்களைப் பெயராகச் சுமந்துகொண்டு கம்ப்யூட்டருக்குள் வந்து விழும். இவற்றுக்குப் பெயர் வைத்து, தரம் பிரித்து, இடம் பார்த்து வைப்பது என் வேலை.

நான் தாம்பரம் பக்கம் காலேஜ் ஹாஸ்டலில் இருந்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் இடிபட்டு வந்து சேர்ந்து, முகம் கழுவுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பேன். போன வாரம் நான் அடுக்கி வைத்துவிட்டுப் போனது எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. பொங்கல் ஃபோல்டருக்குள் அக்கா ஏழாம் வகுப்பு அறிவியல் கேள்வித்தாளைப் போட்டு வைத்திருப்பாள். அவள் சதுரங்கப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஏன் இங்கே வைத்தாய் என்று கேட்டால், திறந்ததும் அதுதான் கண்ணில் பட்டது என்பாள். அம்மா துணியால் மவுஸைத் துடைக்கிற துடைப்பில் ஒரு ஃபோல்டர் இன்னொன்றுக்குள் போய் ஒளிந்துகொண்டிருக்கும். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் மானிட்டரின் நெற்றியில் மாதக்கணக்கில் இருக்கும், அதை மட்டும் துடைக்க மாட்டாள்.

இவர்களையாவது சகித்துக்கொள்ளலாம். அப்பாவோடுதான் எனக்கு உண்மையான சண்டை.

என் முறை எளிமையானது. வருஷம், அதற்குள் மாதம், அதற்குள் விசேஷம். யார் எப்போது தேடினாலும் கிடைக்கும். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. பிளாண்ட்டில் அவருடைய ஷெட்டில் ஒரு பெரிய பலகை உண்டு என்று சொல்வார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தை அதில் பெயிண்டால் வரைந்திருப்பார்களாம். வேலை முடிந்ததும் அந்த உருவத்தின் மேல் அந்த ஸ்பேனரை மாட்ட வேண்டும். ஷிஃப்ட் முடியும்போது பலகையை ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த இடம் காலியோ அந்தச் சாமான் ஷெட்டில் இல்லை என்று அர்த்தம். அதே பழக்கத்தில், கம்ப்யூட்டரைத் திறந்ததும் தெரிகிற டெஸ்க்டாப் திரையையும் பலகையாக்கியிருந்தார். இடது ஓரம் முழுக்கப் பறவைகள். நடுவில் குடும்பம். வலது ஓரம் கோயில் குளம். பெட்டிக்குள் பெட்டியாக நான் வைத்தது அவருக்கு ஒளித்து வைத்த மாதிரி இருந்தது.

"கண்ணுக்குத் தெரியாத எடத்துல வெச்சா அது அங்க கீதுன்னு எப்டி தெரியும்?" என்றார்.

கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். உண்மையான போட்டோக்கள் என் ஃபோல்டர்களில் இருக்கும். அவருக்கு வேண்டியவற்றுக்கு மட்டும் டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் வைத்துத் தருவேன். மூலையில் சின்ன அம்புக்குறி போட்டு வரும், அதைத் தட்டினால் உள்ளே கூட்டிக்கொண்டு போகும், ஆனால் அதுவே போட்டோ இல்லை என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். அம்புக்குறி நன்றாக இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போட்டுக்கொடு என்றார். அடுத்த வாரம் வந்து பார்த்தால் ஷார்ட்கட்டுக்கே ஷார்ட்கட் போட்டு வைத்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் அக்காவுக்கு நிச்சயமானது. பையன் வீடு மதுராந்தகம். செங்கல்பட்டில் ஒரு சின்ன மண்டபம் பிடித்துத் தட்டு மாற்றிக்கொண்டார்கள். படம் எடுப்பதற்கு அப்பா யாரையும் விடவில்லை. தட்டு மாற்றும்போது மட்டும் கேமராவை என் கையில் கொடுத்தார். மாலையும் கழுத்துமாக அக்காவும் அந்தப் பையனும் நிற்கிற படங்கள், மாமன் முறைக்காரர்கள் வரிசையாக நிற்கிற படங்கள், சாப்பாட்டுப் பந்தி, வெற்றிலைத் தட்டு. எல்லாவற்றையும் உட்கார்ந்து அடுக்கி, அக்கா நிச்சயம் என்று பெயரிட்டு, அப்பாவின் பலகையில் நட்டநடுவில் ஷார்ட்கட்டும் வைத்துக் கொடுத்தேன். பிளாண்ட் பஸ்ஸை விட்டு இறங்கி வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத்தான் திறப்பார் என்று அம்மா போனில் சொல்வாள்.

பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் கல்யாணம் நின்றுபோனது. பையனுக்கு மனதில் வேறொரு பெண் இருந்திருக்கிறாள். அதை அத்தனை நாள் கழித்து அவன் வீட்டில் சொல்லியிருக்கிறான். அவர்கள் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, எங்கள் ஹாலில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கள் பக்கம் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அவர்கள் போன நிமிஷத்திலிருந்து நாங்கள்தான் எதையோ திருடியவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். நிச்சயம் நின்ற பெண் என்று தெரிந்தால் அடுத்த வரன் வாசலோடு திரும்பிவிடும், அக்காவின் வாழ்க்கையே இதோடு நின்றுவிடும் என்பது அம்மாவின் பயம். பயம் பொய் இல்லை. எங்கள் சொந்தத்தில் அப்படித் திரும்பிய கதைகள் உண்டு. அதனால் அந்த நாள் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள முடிவு செய்தாள். யாரும் அதைப் பேசக் கூடாது. அவர்கள் வைத்த புடவை திரும்பிப் போனது. கம்ப்யூட்டரில் இருப்பதை அழிக்க வேண்டும்.

அழிக்கிற வேலையை அப்பா எனக்குத் தரவில்லை. தானே செய்தார். நான் அந்த சனிக்கிழமை வந்தபோது சாப்பிட்டுக்கொண்டே, "அத்த அழிச்சிட்டேன்" என்றார். நான் நிமிர்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். டெஸ்க்டாப்பின் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. மற்ற படங்களை நகர்த்தி அதை அவர் மூடவும் இல்லை.

உள்ளே ஃபோல்டருக்குப் போய் அழித்தீர்களா, இல்லை மேலே இருந்ததை மட்டுமா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்வதற்குள் அம்மா கரண்டியைத் தட்டில் வைத்தாள். "அழிச்சிட்டேன்னு சொல்றாரு இல்ல, மறுபடி இன்னாத்துக்குக் கெளர்ற?" என்றாள். சரி, நாமே பார்ப்போம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் பின்னால் வந்து நின்றாள். என்ன தேடுகிறாய், அக்கா காதில் விழுகிற மாதிரி அந்தப் பேச்சை எடுக்காதே என்றாள். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. என்னவோ செய்யுங்கள் என்று எழுந்துவிட்டேன். மறுநாள் ஹாஸ்டலுக்குப் போனவள், பரீட்சை, ப்ராஜெக்ட் என்று ஒரு மாதத்துக்கு மேல் வீட்டுப் பக்கமே வரவில்லை.

அதற்குள் அடுத்த வரனைப் பார்த்துவிட்டாள் அம்மா. செங்கல்பட்டில் இருந்து வருகிறார்கள், பையனுக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை, நீ வந்தே ஆக வேண்டும் என்று போன். அவர்களிடம் பழைய நிச்சயத்தைச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். நாமாக எதற்குச் சொல்ல வேண்டும், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அக்கா என்ன சொல்கிறாள் என்றேன். அவள் என்ன சொல்வாள் என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வந்து இறங்கியதுமே சமையல்கட்டில் தள்ளிவிட்டார்கள். கேசரி கிளறுவது என் பொறுப்பு. ஹாலில் அப்பாவும், கீழ் வீட்டில் இருந்த அவருடைய ஷெட் நண்பரும் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். என்ன அது என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை, நீ கேசரியைப் பார் என்றார் அப்பா. மானிட்டர் மேல் எப்போதும் கிடக்கிற பூ வேலை செய்த துணியை அம்மா எடுத்து மடித்து வைத்திருந்தாள். வருகிறவர்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்க்க வேண்டுமாம்.

ஷெட் நண்பர் கீழே போன பிறகு பையன், அவன் அம்மா, அப்பா, மூன்று பேர்தான் வந்தார்கள். நல்ல மனிதர்கள் என்று உள்ளே இருந்து கேட்கும்போதே தெரிந்தது. அந்த அம்மா எங்கள் அம்மாவோடு ஊர்ப் பேச்சு பேசி, இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு சம்பந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். அக்கா காபி கொடுத்தாள். உட்காரும்மா என்று அந்த அம்மாவே பக்கத்தில் நாற்காலியைக் காட்டினார். பையன் அவளிடம் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டான். அவள் பதில் சொல்கிற குரலில் கூச்சம் குறைந்துகொண்டே வந்தது. நான் கேசரியைக் கிண்ணங்களில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்போது அந்த அம்மா, பறவையெல்லாம் அழகாக இருக்கிறதே என்று சொன்னது காதில் விழுந்தது.

கிண்ணங்களோடு ஹாலுக்கு வந்தேன். கம்ப்யூட்டர் திரையில் வேடந்தாங்கல் கொக்கு. அது மறைந்து முட்டுக்காட்டுப் படகு. அடுத்தது அம்மா விறைப்பாக நிற்கிற மகாபலிபுரம். யாரும் தொடாமல் விட்டால் போட்டோக்கள் தானாக ஒவ்வொன்றாக வருகிற மாதிரி ஸ்க்ரீன் சேவர் வைத்திருக்கிறார்கள் இரண்டு ஃபிட்டர்களும். அப்பா முகத்தில் அப்படி ஒரு பெருமை. இதெல்லாம் என் பெண்தான் அடுக்கி வைத்தாள் என்று என்னைக் காட்டினார். படகில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையில் அக்கா சிரித்துக்கொண்டிருந்த படம் வந்தபோது அந்த அம்மா தன் பையனைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு ஒரு கணத்தில் புரிந்துவிட்டது. இது டெஸ்க்டாப்பில் இருந்து எடுக்கவில்லை. என் ஃபோல்டர்களுக்குள் இறங்கி, இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துக்கொண்டு வருகிறது. கையில் தட்டு. கம்ப்யூட்டருக்கும் எனக்கும் நடுவில் ஆறு பேர்.

அடுத்தது வந்தேவிட்டது. மாலையோடு அக்கா. பக்கத்தில் மாலையோடு ஒரு பையன். பின்னால் வாயெல்லாம் பல்லாக எங்கள் அப்பா.

அப்பா எழுந்து ஓடி, திரையை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். அவர் ஒல்லி. இரண்டு பக்கமும் மாலை தெரிந்தது. மவுஸை லேசாக ஆட்டினால் போதும், எல்லாம் நின்றுபோகும். அது அவருக்குத் தோன்றவில்லை. நான் தட்டை யார் மடியிலோ வைத்துவிட்டுப் போய் ஆட்டுவதற்குள் தட்டு மாற்றுகிற படமும் வந்து போய்விட்டது. திரையில் டெஸ்க்டாப் வந்து நின்றது. நடுவில் அந்த இடம் காலியாக.

அது யார் என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என் தம்பி பொண்ணு, ஒரே ஜாடை, நிறைய பேர் ஏமாந்து போவார்கள் என்று அப்பா சொன்னார். அவருக்குத் தம்பியே கிடையாது. பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் அவர்களிடம் அதையும் சொல்லியிருந்தார்.

"நான்தாங்க அது" என்றாள் அக்கா. "நிச்சயம் ஆயி நின்னுபோச்சு."

அவர்கள் கத்தவில்லை. கேசரியைப் பாதி சாப்பிட்டார்கள். முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று மட்டும் பையனுடைய அப்பா எங்கள் அப்பாவிடம் சொன்னார். போன் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பையன் படியிறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். போன் வரவில்லை.

கதவைச் சாத்தியதும் அம்மாவும் அப்பாவும் என்மேல் பாய்ந்தார்கள். படித்தவள் நீதானே, நீ பார்த்திருக்க வேண்டாமா என்று அம்மா. நான் அழித்தது அழித்ததுதான், இந்த மெஷின்தான் எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டது என்று அப்பா. கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போகிற இந்த மனிதர்களோடு என்ன செய்வது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தனை மாதம் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வாயில் வந்தது. "வாசல்ல கீற பேர்ப்பலகைய கழட்டிட்டா வூடு காணாம பூடுமா? நான் எத்தினி வாட்டி சொன்னேன்?" என்று கத்தினேன். அப்பாவைப் பார்த்து நான் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பிக் கத்தவில்லை. டெஸ்க்டாப்பைக் காட்டி, காலியாகத்தானே இருக்கிறது, நீயே பார் என்று மெதுவாகச் சொன்னார். அவர் அத்தனை நாளும் அந்தக் காலி இடத்தை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

என் கண்ணெதிரில் இப்போதே அழி என்றாள் அம்மா. நானும் வெறியோடு உட்கார்ந்தேன். வருஷம், மாதம், விசேஷம் என்று இறங்கிப் போனேன். அக்கா நிச்சயம் அங்கேதான் இருந்தது, நான் வைத்த இடத்தில், வைத்தபடியே. அந்த வீட்டில் வைத்த இடத்தில் இருந்த ஒரே பொருள் அதுதான். மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்து டெலிட் மேல் விரலை வைத்தேன்.

"தள்ளு" என்று அக்கா என் தோளைப் பிடித்தாள்.

பட்டுப்புடவையைக்கூட மாற்றியிருக்கவில்லை. நான் எழுந்துகொண்டேன். அவள் உட்கார்ந்து முதல் படத்தைத் திறந்தாள். பிறகு அடுத்தது. அவளுக்கு மவுஸ் சரியாகப் பிடிக்க வராது, ஒவ்வொன்றுக்கும் நேரமானது. மாலை போட்ட அந்தப் பழைய பையன் வந்த படங்களில் அவள் நிற்கவும் இல்லை, அவசரமாகத் தள்ளவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்தாள். பின்னால் அம்மா, இன்னும் எதற்குடி அதைப் பார்க்கிறாய் என்று அழ ஆரம்பித்தாள்.

"என் போட்டோதானே? அழிக்கறதுக்கு முன்னாடி என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள் அக்கா திரும்பாமல்.

நானும் கேட்டிருக்கவில்லை.

ஒரு படத்தில் வந்து நின்றாள். மண்டபத்து அறையில் அவளுக்குப் பூ வைத்துக்கொண்டிருக்கும்போது அப்பா எடுத்தது. யாரோ என்னவோ சொல்லியிருக்கிறார்கள், அவள் கழுத்தைத் திருப்பி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அவளைத் தவிர அதில் பூ வைக்கிற ஒரு கைதான் இருக்கிறது. அப்பா எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் ஆடாமல், மங்காமல், நடுவில் சரியாக விழுந்த படம் என்று அதைத்தான் சொல்ல வேண்டும். வரன்களுக்கு அம்மா கொடுத்துக்கொண்டிருந்தது ஸ்டுடியோவில் எடுத்த படம். அதில் அக்கா ஒரு பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்தில், யாரோ திட்டியது மாதிரி நிற்பாள்.

"இனிமே யாரு வந்து கேட்டாலும் இந்த போட்டோவ குடும்மா" என்றாள்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இது அந்த நிச்சயத்துல எடுத்ததுடி. எங்க எடுத்ததுன்னு கேட்டா இன்னான்னு சொல்றது?"

"கேட்டா சொல்லு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான், நாளைக்கு செங்கல்பட்டில் இறங்கிப் பிரிண்ட் போட்டுவிடுகிறேன், எத்தனை காப்பி வேண்டும் என்று கேட்டேன்.

"நெறைய போடு" என்றாள் அக்கா. "நெறைய பேரு வந்துட்டுப் போவாங்க."